மணியடிக்காத சுற்று

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க" என்றார் அரிபிரசாத்.

சூர்யகலா உடனே மூடினாள். இருட்டு விலகும் முன்பே எழுந்து, விழுப்புரத்திலிருந்து குட்டியானை வண்டியின் பின்பக்கம் குதிரையோடு குதிரையாக நின்றுகொண்டே வந்தவள். காலையிலிருந்து அவளுக்கு யாரும் சொன்னதில் உருப்படியான யோசனை இதுதான்.

"இப்ப உங்க குதிரைய மனசுல கொண்டு வாங்க. அது தாண்டுது. ஒவ்வொரு கட்டையா தாண்டுது. ஃபீல் பண்ணுங்க. நீங்க வேற, குதிரை வேற இல்ல. குதிரைங்கறது உங்க மனசோட கண்ணாடி."

அரிபிரசாத் சென்னையிலிருந்து வந்திருந்த மனநிலைப் பயிற்சியாளர். சித்திரை வெயிலில் கோட்டு போட்டிருந்தார். குதிரையில் ஏறியவர் இல்லை. போன வருஷம் யாரோ அதைக் கேட்டுவிட்டபோது, "கமென்ட்ரி சொல்றவரு பேட் புடிக்கணும்னு சட்டமா?" என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்தவர். அவருக்கு முன்னால் சாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்த போட்டியாளர்களில் சூர்யகலாவைத் தவிர எல்லாரும் சென்னையிலும் புதுச்சேரியிலும் பெரிய பள்ளிக்கூடங்களில் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் கண்ணை மூடுவதுபோல் மூடி, மடியில் வைத்திருந்த செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி என்ற வார்த்தையில் சூர்யகலாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆறு வருஷமாக அவள் மனதில் இருந்தது கிளியர் ரவுண்டு ஒன்றுதான். அதாவது, குதிரை எந்தத் தடையின் முன்னாலும் முரண்டு பிடிக்காமல், ஒரு கட்டையைக்கூடக் கீழே தள்ளாமல், எட்டுத் தடைகளையும் தாண்டி முடிப்பது. அவளுடைய குதிரை வசந்தாவின் மனதில் இருந்தது தின்னக் கிடைக்கும் மல்லாட்டைக் கொடி, அந்த வேர்க்கடலைக் கொடி ஒன்றுதான். இதில் யார் முகம், யார் கண்ணாடி என்று அரிபிரசாத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் அரை மணி நேரம் பேசுவார். அவள் கண்ணைத் திறக்காமலே இருந்துவிட்டாள்.

வசந்தா பந்தயத்தில் ஓடிக் கழிக்கப்பட்ட பெண்குதிரை. சூர்யகலாவின் கணவன் தேவநாதனுக்கு விழுப்புரத்தில் மணமேடை அலங்காரக் கடை. நாற்காலி, சீரியல் செட்டு, ராஜா ராணி சோபா இவற்றோடு வாடகைக்கு விட ஒரு குதிரையும் வேண்டும் என்று வசந்தாவைப் பிடித்து வந்தான். வளவனூரிலிருந்து முகையூர் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்புக்குப் போய், பயத்தில் பிடரியை இறுகப் பிடித்துக்கொண்ட எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்து மண்டபத்தில் இறக்கிவிட்டது அது. சூர்யகலாவுக்குச் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொன்னபோது, சும்மா நடக்க வெட்கப்பட்டு அவள் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் கால் வலித்தது. ஏறி உட்கார்ந்துவிட்டாள். வியாதிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் ஆகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத் திண்டிவனத்துக்கு வெளியே இளவழகன் குதிரையேற்ற மன்றம் தொடங்கியிருந்தார். இளவழகன் மனை வியாபாரி. லேஅவுட் போட்டார், மனை விற்கவில்லை. குதிரைகள் மேய்ந்தால் இடத்துக்கு ஒரு ராஜகளை வரும் என்று யாரோ சொல்ல, நாலு குதிரையை வாங்கி விட்டார். அப்புறமும் மனை விற்கவில்லை, குதிரைகள் மட்டும் நன்றாக மேய்ந்தன. சரி, இனி மன்றமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று செயலாளர் ஆகிவிட்டார். ஆண்டுக்கு ஒரு போட்டி. சூர்யகலாவுக்கு அதில் புதியவர் பிரிவு. ஆறு வருஷமாக அவள் புதியவர்.

புதியவர் பிரிவில் கட்டைகள் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. விழுப்புரம் வீட்டுக் கூடத்தில் தேவநாதன் அடுக்கிவைக்கும் நாற்காலிக் கட்டு அதைவிட உயரம்; அதைக் கையில் குழம்புச் சட்டியோடு தாண்டிப் போகிறவள் சூர்யகலா. ஆனால் குதிரைமேல் உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு கட்டை விழும். முதல் வருஷம் நிறைய விழுந்தன. வருஷா வருஷம் குறைந்து, போன வருஷம் ஏழு தடைகள் சுத்தமாகத் தாண்டியாகிவிட்டது. எட்டாவதற்கு முன்னால் அவளுக்குள் ஒரு குரல், இன்னும் ஒண்ணுதான் என்றது. அவ்வளவுதான். உடம்பு ஒரு நூல் முன்னால் சாய்ந்தது, வசந்தாவின் தாளம் தப்பியது, கட்டை தரையில் கிடந்தது. பன்னிரண்டு வயது கலைப்பிரியா கோப்பையை வாங்கிக்கொண்டு வந்து, "லாஸ்ட் வரைக்கும் சூப்பரா பண்ணீங்க ஆன்ட்டி" என்று ஆறுதல் சொன்னாள். தோற்றதைக்கூட அவளால் ஒரு மாதிரி விழுங்க முடிந்தது, அந்த ஆறுதலைத்தான் முடியவில்லை.

இந்த வருஷம் கால்நடை டாக்டர் வசந்தாவின் முன்னங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதோட நிறுத்திக்குங்க. வயசாயிடுச்சி. இதுக்கு மேல தாண்ட உட்டா கால் போயிடும்" என்று சொல்லிவிட்டார். ஆக, கிளியர் ரவுண்டு என்று ஒன்று இருந்தால் அது இன்றைக்குத்தான். அப்புறம் கிடையாது.

"கண்ணத் தொறக்கலாம்" என்றார் அரிபிரசாத். "எப்டி இருக்கு மேடம்?"

"தூக்கம் வருதுங்க."

"அதுதான் ரிலாக்ஸ்டு ஸ்டேட். அத அப்படியே புடிச்சிக்கோங்க."

சீட்டுக் குலுக்கலில் முதல் சுற்றே சூர்யகலாவுக்கு விழுந்திருந்தது. இளவழகன் கையில் மைக்கோடு வந்து அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்கதான் ஓப்பனிங். அரிசி மில்லு வல்லரசு அண்ணன் சீஃப் கெஸ்ட்டு. மணிய அவரு கையாலதான் அடிக்கப் போறாரு. அவரு அடிக்கிறாரு, நீங்க பாயிறீங்க. ரெண்டும் ஒரே போட்டோல வரணும். நீங்க முன்னாடியே உள்ள போயி ரெடியா நின்னுக்கோங்க."

"அண்ணன் எங்க வராருங்க?"

"வந்துகினே இருக்காரு."

வந்துகொண்டே இருப்பவர் எப்போது வருவார் என்று அந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. சூர்யகலா கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போட்டாள். மேல் பொத்தான் போன வருஷம் மாட்டியது, இந்த வருஷம் மாட்டவில்லை. தொப்பியை இறுக்கிக்கொண்டு வசந்தாமேல் ஏறினாள். மைதான வாசலுக்கு நல்லபடியாகவே போனார்கள். வாசலில் வசந்தா நின்றுவிட்டது.

வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரம் கட்டியிருந்தது. குறுக்கே மாவிலைத் தோரணம். அதற்கு மேலே வல்லரசு கை கூப்பிச் சிரிக்கிற பிளெக்ஸ்.

சூர்யகலா காலால் அழுத்தினாள். வசந்தா காதை மட்டும் ஆட்டியது. பந்தல் பக்கமிருந்து தேவநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"இன்னா நின்னுட்டா?"

"வாழமரத்தப் பாத்துட்டாங்க. இது மண்டபம்னு நெனச்சிக்கினா. ஆரத்தி எடுக்காம உள்ள வரமாட்டா."

"பேஜாரா போச்சே. எந்தப் புத்திசாலி குதிர வர்ற வழில வாழமரத்தக் கட்டுனான்?"

"நீங்கதாங்க."

தேவநாதன் மரத்தைப் பார்த்தான். கட்டியிருந்த கயிறு அவன் கடைக் கயிறுதான். "ஆர்டர் குடுத்தாங்க, கட்டுனேன்" என்று கொஞ்சம் சத்தம் குறைந்து சொன்னான். பிறகு டீக்கடைக்காரர் பஜ்ஜி அடுக்கிவைத்திருந்த தட்டைப் பிடுங்கிவந்து, வசந்தாவின் முகத்துக்கு நேரே வலமும் இடமுமாக மூன்று சுற்றுச் சுற்றினான். வசந்தா தலையை ஒருமுறை தாழ்த்திவிட்டு, பெண் வீட்டார் மரியாதையை ஏற்றுக்கொண்ட மாதிரி உள்ளே நடந்தது. பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்தார்கள். அரிபிரசாத் மட்டும், இதெல்லாம் நெகட்டிவ் பேட்டர்ன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டார்.

மைதானத்தின் நடுவே வசந்தாவும் சூர்யகலாவும் நின்றார்கள். மேஜைக்குப் பின்னால் நடுவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கர்னல், முதுகு இன்னும் ஓய்வு பெறவில்லை. அவருக்கு முன்னால் பித்தளை மணி, அதற்குச் சந்தனம் குங்குமம். மணி அடிப்பதற்கு முன் தொடக்கக் கோட்டைத் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம் என்பதை அவர் காலையிலேயே இரண்டு மொழியில் சொல்லியிருந்தார்.

வெயில் ஏறியது. வல்லரசு வந்துகொண்டே இருந்தார். கறுப்புக் கோட்டுக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியே இறங்குவது சூர்யகலாவுக்குத் தெரிந்தது. முதலில் பாதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை விட்டுவிட்டு, வீட்டில் மாவு புளித்திருக்குமே என்று நினைத்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். வசந்தா பின்னங்கால் ஒன்றை மடக்கிவைத்துக்கொண்டு தூங்கிப்போனது. ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசைக்குத் தாகம் எடுக்கும் என்று சொன்னார்களே தவிர, வெயிலில் நின்றால் அதற்கும் மயக்கம் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது சாலைப் பக்கம் வெடி வெடித்தது. சரவெடி. கூடவே பேண்டு வாத்தியம் எடுத்த எடுப்பில் உச்சத்தில் தொடங்கியது. தேவநாதன் வழக்கமாகக் கல்யாணங்களுக்குக் கூப்பிடும் அதே வளவனூர் பேண்டு செட்டு. வல்லரசு வரவேற்புக்கும் அலங்கார ஆர்டரோடு சேர்த்து அவன்தான் ஏற்பாடு செய்திருந்தான்.

மாப்பிள்ளை ஊர்வலம் ஒவ்வொரு முச்சந்தியிலும் நிற்கும். பையன்கள் ஆடி முடிக்கிறவரை குதிரை தூங்கலாம். மேளம் நின்று, திரும்ப ஓங்கி அடித்து, பின்னால் வெடியும் வெடித்தால் குதிரை முன்னால் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வெடி வாலுக்குக் கீழே. இத்தனை வருஷத்தில் வசந்தா கற்றுக்கொண்ட முதல் விதி அது. கர்னலின் விதியைவிட மூத்த விதி.

வசந்தா கண் விழித்து முன்னால் பாய்ந்தது. சூர்யகலா கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பதற்குள் கோடு பின்னால் போய்விட்டது. முன்னால் முதல் தடை இருந்தது. தாண்டியாகிவிட்டது.

இறங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, முடிந்தது என்று. மணி அடிக்கவில்லை. நீக்கம். ஆறு வருஷமும் முடிந்தது, வசந்தாவும் முடிந்தது. இப்போது இழுத்து நிறுத்தலாம். கை அதற்குத் தயாராகத்தான் இருந்தது. எதற்காக நிறுத்த வேண்டும் என்று யோசித்தபோது காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது தடை இடப்பக்கம் வந்தது. அவள் இடப்பக்கம் பார்த்தாள். வசந்தா இடப்பக்கம் திரும்பியது.

கூட்டம் முழுக்க எழுந்து சாலையைப் பார்த்து நின்றது. இளவழகன் மாலையோடு ஓடினார். போட்டோக்காரர் அவருக்கு முன்னால் பின்பக்கமாக ஓடினார். பிள்ளைகள் வெடியைப் படம் பிடித்தார்கள். மைதானத்தில் ஒரு குதிரை போய்க்கொண்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது. நான்காவது. அவள் எதையும் செய்யவில்லை; அதாவது வழக்கமாகச் செய்வதை எதையும் செய்யவில்லை. குதிகாலைத் திணிக்கவில்லை. மூச்சைப் பிடிக்கவில்லை. வசந்தாவின் குளம்புச் சத்தம் சீராகக் கேட்டது, கல்யாண மேளத்துக்குக்கூட அது பொருந்தியது. ஐந்தாவதில் பின்னால் கட்டை லொடக்கென்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து யாரிடம் சொல்வது? ஆறு, ஏழு. எட்டாவதற்கு முன்னால் அந்தக் குரல் வருமே என்று காத்திருந்தாள். வரவில்லை. எண்ணிக்கையில் சேராத சுற்றில் இன்னும் ஒன்று என்று சொல்ல அதற்கு என்ன இருக்கிறது? வசந்தா கிழட்டுத்தனம் ஒன்றும் தெரியாமல் எழும்பி, தாண்டி, இறங்கி, தானாகவே நடைக்கு வந்து நின்றது.

சூர்யகலா குதிரையை நடத்திக்கொண்டு நடுவர் மேஜைக்கு வந்தாள்.

"மணி அடிக்கலம்மா" என்றார் கர்னல்.

"தெரியுங்க."

"எலிமினேட்டட்."

"தெரியுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எதனா விழுந்துச்சிங்களா?"

கர்னல் மைதானத்தை ஒரு தடவை பார்த்தார். பார்க்கத் தேவையில்லை, எட்டும் நின்ற இடத்தில் நின்றன.

"இல்ல. அஞ்சாவதுல பின்னங்கால் பட்டுச்சு. ஆடிச்சு. விழல."

அதற்குள் வல்லரசு மாலையோடு மேஜைக்கு வந்து சேர்ந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"இன்னா இளவழகா, குதிர ஓடி முடிச்சிடுச்சாமே? அப்ப நான் எதுக்குப்பா வந்தேன்? மணிய வீட்டுக்கு எடுத்துக்கினு போவவா?"

"ஐயோ, இல்லண்ணே. அது சும்மா ட்ரையலு."

"அப்ப மறுபடி ஓடச் சொல்லு."

கர்னல் எழுந்தார். விதி என்றார். இளவழகன் அவர் காதோரம் குனிந்து என்னவோ சொன்னார். கர்னல் மறுபடி விதி என்றார், இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக. இளவழகன் மறுபடி குனிந்தார். எல்லையில் எத்தனையோ வருஷம் வளையாமல் நின்ற மனிதர் திண்டிவனத்து வெயிலில், சாப்பாட்டு நேரம் நெருங்குகையில், நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அதை டெமான்ஸ்ட்ரேஷன்னு வச்சுக்கலாம். அவங்க விரும்பினா மறுபடி வரட்டும்."

எல்லாரும் சூர்யகலாவைப் பார்த்தார்கள். அரிபிரசாத் குதிரைக்கு இந்தப் பக்கமாக வந்து நின்றுகொண்டார். வரும்போதே குரலைத் தாழ்த்தியிருந்தார்.

"பாத்தீங்களா மேடம்? காலைல நாம பண்ண விஷுவலைசேஷன். அப்படியே நடந்திருக்கு."

"நீங்க பாத்தீங்களா சார்?"

"பாக்கணும்னு இல்ல மேடம், எனக்கு ஃபீல் ஆச்சு. இப்ப அதே ஸ்டேட்ல இருங்க. இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான்."

அவர் சொன்னதா, உள்ளேயிருந்து வந்ததா என்று முதலில் பிரிக்க முடியவில்லை. உள்ளேயிருந்தும் வந்தது. இன்னும் ஒண்ணுதான். அறிவிப்புப் பலகையில் அவள் பெயருக்கு நேரே, ஒரு தப்பும் இல்லை என்கிற பெரிய சுழி. கூடத்து அலமாரியில் ஒரு கோப்பை. இந்த வயசில் குதிரை ஏறுகிறாளாமே என்று கல்யாண வீடுகளில் வாயைப் பொத்திச் சிரிக்கும் நாத்தனாருக்கு அந்தக் கோப்பையில் காப்பி ஊற்றிக் கொடுக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். வாயில் எச்சில் ஊறுகிற அளவுக்கு ஆசை.

அவள் இறங்கினாள். வசந்தா இடது முன்னங்காலில் பாரம் வைக்காமல் நின்றது. குனிந்து கையை வைத்தாள். முழங்காலுக்குக் கீழே சுட்டது.

"வேணாங்க" என்றாள்.

"ஏம்மா? சான்ஸ் குடுக்கறாங்க இல்ல?" என்றார் வல்லரசு.

"அவ தாண்டிட்டாங்க. முடிஞ்சிது."

"யாரு பாத்தாங்க மேடம்?" என்றார் இளவழகன். "ஒரு போட்டோகூட இல்ல."

கர்னல் பார்த்திருந்தார். கேள்வி தன்னிடம் கேட்கப்படவில்லை என்பதால் அவர் பதில் சொல்லவில்லை. ராணுவ ஒழுங்கு.

பலகையில் அவள் பெயருக்கு நேரே நீக்கம் என்று எழுதினார்கள். அடுத்தது கலைப்பிரியா. வல்லரசு மணியைக் கோயிலில் அடிப்பதுபோல் மூன்று தரம் அடித்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பெண் எல்லாத் தடைகளையும் அலட்டிக்கொள்ளாமல் தாண்டி, இறங்கி, ஜூஸ் குடித்தாள். பிறகு வசந்தாவின் காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்த சூர்யகலாவைத் தேடி வந்து, "நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம் ஆன்ட்டி" என்றாள். சூர்யகலா சரி கண்ணு என்றாள். வேறு என்ன சொல்வது?

திரும்பும்போது தேவநாதன் வண்டியை ஓட்டினான். சூர்யகலா முன்சீட்டில் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே உடம்பு தன்னுடையது மாதிரியே இல்லை. வண்டி கூட்டேரிப்பட்டைத் தாண்டியது.

"எத்தினி விழுந்துச்சி?" என்றான் தேவநாதன்.

"ஒண்ணும் விழல."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். முன்னால் போன பஸ் பிரேக் போட, அவனும் போட்டான்.

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

"ச்சே. நான் வெடி கொளுத்திக்கினு இருந்தேன்." கொஞ்ச தூரம் ஓட்டினான். "அப்ப மறுபடி போயிருக்கலாம் இல்ல? பலகைலயாச்சும் எழுதியிருப்பாங்க."

"அவ காலு கொதிக்குதுங்க."

"ஆமாமா. அதுவும் சரிதான்."

சரிதான் என்றுதான் அவளும் அதுவரை நினைத்திருந்தாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் வண்டி நின்றபோது, போயிருக்கலாமோ என்று வந்துவிட்டது. எட்டே தடைதான். வசந்தாவுக்கு முன்னைவிட மோசமாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆகியும் இருக்கலாம். போயிருந்தால் எட்டாவது விழுந்திருக்கும், நிச்சயம் விழுந்திருக்கும். விழாமலும் இருந்திருக்கலாம். வரிசை நகர்கிற வரைக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இதையே ஓட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்ன வாய் ஒன்று, நினைக்கிற மனசு ஒன்று. அரிபிரசாத் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்.

"டாக்டரு வசந்தாவுக்குத்தான சொன்னாரு, தாண்டக் கூடாதுன்னு" என்றான் தேவநாதன், சாலையைப் பார்த்தபடியே. "உனுக்கு ஒண்ணும் சொல்லலியே."

"இன்னொரு குதிரையப் புடிச்சா இன்னொரு ஆறு வருசங்க."

"ஆவட்டும். அந்த ஆறு வருசம் சும்மா இருந்தாலும் போவத்தான போவுது."

அவள் பின்பக்கம் திரும்பி வசந்தாவைப் பார்த்தாள். வண்டி சாவடியைத் தாண்டி வேகம் எடுத்தபோது பின்னால் வண்டிப் பலகையில் குளம்பு தடதடத்தது.

"மெதுவாப் போங்க" என்றாள். "கால மாத்தி வச்சிக்கினு இருக்கா."

தேவநாதன் கியரைக் குறைத்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அவன் ஒதுங்கிப் போகட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, தேவநாதன் அந்த வேகத்திலேயே விழுப்புரம் வரைக்கும் ஓட்டினான்.